எனக்கு ஒருசந்தி

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து போன். மனைவியின் குரல் நடுங்கியது.

“அத்தைக்குப் பேச்சே குளறுதுங்க. ஒடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது...”

ஆட்டோ பிடித்து ஓடினேன். அதற்குள் பக்கத்து ஃபிளாட் பையன் அம்மாவைத் தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். சர்க்கரை 52. குளுக்கோஸ் ஏற ஏற அம்மா மெல்லக் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். முதல் வார்த்தையாகக் கேட்டாள்:

“இது சாப்பாட்டுக் கணக்குல வருமாடா?”

டாக்டர் சின்னப் பெண். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல், “பாட்டி, காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

“மாத்திரை.”

அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டு, அதற்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சர்க்கரைக்காரர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று. மாத்திரை தன் வேலையைச் செய்தது. இறக்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் இறக்கியது.

அன்றைக்கு அம்மாவுக்கு ஒருசந்தி.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்தை எங்கள் ஊர்ப்பக்கம் ‘தபசு காலம்’ என்பார்கள். விபூதிப் புதன் அன்று தொடங்கும். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைச் சாமியார் நெற்றியில் பூசிவிடுவார். அங்கிருந்து ஈஸ்டர் வரைக்கும் 46 நாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள், அன்றைக்கு உபவாசம் கிடையாது. ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது. இந்த நாட்களில் இரண்டு விஷயம். ஒன்று, கவிச்சியை விடுவது. அதற்குப் பெயர் சுத்தபோசனம். இன்னொன்று, ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது. அதற்குப் பெயர் ஒருசந்தி. இரண்டும் எவ்வளவு அழகான தமிழ்! இப்போது கோயிலில் நோன்பு, புலால் மறுப்பு என்கிறார்கள். சரியான வார்த்தைகள்தான். ஆனால் ‘ஒருசந்தி’ என்று சொல்லும்போது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காருகிறது.

இப்போதைய திருச்சபைச் சட்டம் ரொம்பக் கருணையானது. 1966-இல் ஆறாம் சின்னப்பர் பாப்பு தளர்த்தியது. ஒருசந்தி கட்டாயம் என்பது வருஷத்தில் இரண்டே நாள்தான். விபூதிப் புதன், பெரிய வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். அதிலும் ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு. 59 முடிந்துவிட்டால் கிடையாது. நோயாளிக்கு எந்த வயதிலும் கிடையாது. ஆக, 77 வயது, இருபது வருஷ சர்க்கரை என்றிருக்கும் அம்மாவிடம் திருச்சபை கேட்பது எதுவுமில்லை. இதையெல்லாம் நான் கட்டில் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். கிளினிக் என்றுகூடப் பார்க்கவில்லை.

“சட்டமே ஒன்ன விட்டுடுச்சும்மா. ரோமாபுரியில இருக்கிறவரே சாப்பிடுன்னு சொல்றாரு. ஒனக்கு என்ன வந்துச்சு?”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“ஒங்க ஆயா எந்தச் சட்டத்தப் பாத்துட்டு இருந்தாங்க?”

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

ஆயா என்றால் அப்பாவின் அம்மா. குறிஞ்சிப்பாடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர் எங்களுடையது. செம்மண், முந்திரிக்காடு, நடுவே ஒரு கூரைக் கோயில். சாமியார் மாசத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் மணி அடிப்பார், ஜெபம் சொல்வார், எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். ஆயாவும் தாத்தாவும் கூலி வேலை. நடவு, களை, அறுப்பு. அது இல்லாத நாளில் மல்லாட்டை பிடுங்க, முந்திரிக்கொட்டை பொறுக்க. அம்மா குறிஞ்சிப்பாடிக்குப் போய்த் தறிக்காரர்கள் வீட்டில் தார் சுற்றிவிட்டு வருவாள். குறிஞ்சிப்பாடிக் கைலி அப்போதே பேர் போனது. அந்தக் கைலி கட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. அதன் நூல் மட்டும் அம்மாவின் சேலையில் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும்.

விபூதிப் புதனுக்கு முந்தின ராத்திரி ஆயா செய்கிற முதல் வேலை, கவிச்சிச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றுவது. இனி ஈஸ்டருக்குத்தான் அது இறங்கும். சர்ச்சில் எல்லாம் முடிந்த மாதிரி நாங்கள் பிள்ளைகள் அண்ணாந்து அந்தச் சட்டியைப் பார்ப்போம்.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. கறி எங்கள் வீட்டில் எத்தனை நாள்? கிறிஸ்மஸ், ஈஸ்டர், கோயில் திருவிழா. வருஷத்துக்கு மூன்று தடவை சாப்பிடுகிறவனிடம் நாற்பது நாள் கறி சாப்பிடாதே என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டுமா? ஆனால் ஆயாவின் சுத்தபோசனத்தில் அடிபட்டது கறி அல்ல, கருவாடு. கடலூர் துறைமுகத்திலிருந்து சந்தைக்கு வருகிற கருவாடுதான் எங்களுக்குத் தினசரித் தொட்டுக்கை. ஒரு துண்டு நெத்திலியைச் சுட்டால் ஒரு குண்டான் கூழ் இறங்கிவிடும். இத்தனைக்கும் திருச்சபை மீனை விலக்கவே இல்லை. பாலும் முட்டையும் மீனும் சாப்பிடலாம் என்றுதான் சட்டம். ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் என்றே ஆகிப்போனது. நம் ஊரில் யார் அதைக் கேட்டார்கள்? சுத்தம் என்றால் சுத்தம்தான். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டிக்கொண்டு, கறியும் மீனும் விட்டு, நாளுக்கு ஒருவேளை சாப்பிட்டு வாழ்ந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் வந்த வீரமாமுனிவர் எங்கள் மாவட்டத்திலேயே விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கட்டினார். அவரும் அந்த வழிதான். அந்தப் பழக்கம் மேலிருந்து வந்ததா, இல்லை நம் ஜனங்களிடம் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்களா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கிற ஊரில் வெள்ளைக்காரச் சட்டம் வந்து குடியேறியது. ஊரின் கண்டிப்பைப் பார்த்து அது கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கும்.

ஆக, ஆயாவுக்கு நாற்பது நாளும் கருவாடு இல்லாத கூழ். தொட்டுக்கொள்ள ஒரு பச்சைமிளகாய், ரெண்டு கல் உப்பு. அதுவும் உபதேசியார் மத்தியான மணி அடித்த பிறகுதான். காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு முந்திரிக்காட்டுக்குப் போய்க் குனிந்து குனிந்து கொட்டை பொறுக்கிவிட்டு, மணிச் சத்தம் கேட்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தூக்குவாளியைத் திறப்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். நானும் ஒருசந்தி இருக்கிறேன் என்று அடம்பிடித்தேன். பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை என்று உபதேசியாரே சொன்னார். கேட்கவில்லை. ஆயா சரி என்றாள். காலைக் கூழ் குடிக்காமல் அவள் கூடவே காட்டுக்குப் போனேன். பங்குனி மாதம். முந்திரிப் பழம் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்குகிறது. கொட்டைதான் காட்டுக்காரருக்கு, பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம், கேள்வி இல்லை. பத்து மணி வரைக்கும் தாங்கினேன். அப்புறம் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் ஒரு பழத்தைத் திருகினேன். ஒன்று, இரண்டு, ஐந்து. தொண்டை கரகரவென்று கட்டிக்கொண்டது. வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக வந்து நின்றேன்.

முந்திரிப் பழச் சாறு பட்ட துணியைப் பார்த்திருக்கிறீர்களா? ஜென்மத்துக்கும் போகாது. என் வெள்ளைச் சட்டையில் நெஞ்சு முழுக்கக் கறை.

ஆயா பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து என் வாயில் போட்டாள்.

“தொண்ட கட்டும். இத்த சப்பு.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள், “பசிச்சா சாப்புடணும்டா. ஒளிஞ்சி சாப்புடக் கூடாது.”

அந்த வெல்லம் அவள் மத்தியானக் கூழுக்கு வைத்திருந்தது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

தபசு காலத்தில் ஆயா இன்னொரு வேலையும் செய்வாள். அரிசி உலை வைக்கிற நாளில் (எல்லா நாளும் வைக்க மாட்டாள், பாதி நாள் கேவுருதான்) அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மூலையில் இருக்கிற சின்னப் பானையில் போடுவாள். அது அவள் ராத்திரிக்குச் சாப்பிட்டிருக்க வேண்டிய சோறு. அரிசி இல்லாத நாளில் கேவுரைப் போடுவாள், அது வேறு முடிச்சு. உபவாசத்தில் மிச்சமானது ஏழையினுடையது என்பது திருச்சபையில் பழைய பேச்சு. ஐந்தாம் நூற்றாண்டில் பெரிய சிங்கராயர் பாப்பு தபசு காலப் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார். விபூதிப் புதனை அடுத்து வரும் வெள்ளிக்கிழமைப் பூசையில் வாசிக்கிற எசாயா ஆகமமும் அதையேதான் கேட்கிறது: பட்டினி கிடப்பவனோடு உன் அப்பத்தைப் பங்கு போடாமல் நீ தலையைத் தொங்கப் போட்டு என்ன லாபம்? இப்போதும் தபசு காலத்தில் கோயில்களில் வீட்டுக்கு ஓர் அட்டை உண்டியல் கொடுப்பதுண்டு.

ஆனால் ஆயாவின் பிடியரிசி கோயிலுக்குப் போகாது. வடலூருக்குப் போகும்.

குறிஞ்சிப்பாடிக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷன் வடலூர். 1867 வைகாசியில் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து ஜனங்கள் கொடுத்த நிலம். அன்றைக்கு அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. பசியா, உட்கார். அவ்வளவுதான். கடவுளைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பசித்தவனின் உடம்பில் ஒவ்வொன்றாக என்னென்ன நடக்கிறது என்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வைத்தியர் மாதிரி எழுதியவர் அவர்தான். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ படித்துப் பாருங்கள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பானை அரிசியைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆயா கிளம்புவாள். பின்னாலேயே நான். போகிற வழியெல்லாம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருவாள். தருமச்சாலையில் அரிசியைக் கொட்டிவிட்டு, சத்திய ஞான சபை இருக்கிற பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள். கொலையும் புலாலும் விட்டவர்கள் மட்டும்தான் அதன் உள்ளே போகலாம் என்பது வள்ளலார் வைத்த விதி. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் என்னைக் கேட்டாள்:

“இந்த நாப்பது நாளு நான் உள்ள போலாமில்லடா?”

கேட்டாளே தவிர, போகவில்லை. ஈஸ்டர் அன்றைக்குப் பரணிலிருந்து சட்டி இறங்கிவிடும் என்பது அவளுக்கும் தெரியும், உள்ளே இருக்கிற ஜோதிக்கும் தெரியும். ஏமாற்றக் கூடாது பாருங்கள்.

“ஏன் ஆயா நம்ம கோயிலுக்குக் குடுக்காம இங்க குடுக்கற?” என்று கேட்டிருக்கிறேன்.

“அங்க அடுப்பு இல்லியே” என்றாள். எனக்கு அப்போது அது போதுமான பதிலாக இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

ஆயாவுக்குத் தபசு காலத்தில் மட்டும் ஒருசந்தி வரவில்லை. ஐப்பசியில் வரும். கார்த்திகையில் வரும். ஆடியில் சில நாள் வரும். சட்டியில் சோறு அடியில் கிடக்கும்போது, எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, அம்மா ‘நீங்க சாப்புடுங்க அத்த’ என்று ஆரம்பிப்பதற்குள், “எனக்கு இன்னிக்கி ஒருசந்தி” என்று எழுந்து போய்விடுவாள். ஐப்பசி மழையில் நடவு முடிந்திருக்கும், வேலை இருக்காது. மழை பிடித்தால் குறிஞ்சிப்பாடித் தெருவில் பாவு போட முடியாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொள்ளும். தறி நின்றால் தார் எதற்கு? அம்மாவின் காசும் நின்றுவிடும்.

புதுநன்மைக்குத் தயாரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. உபதேசியார் ஒருசந்தி நாட்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அதில் ஐப்பசி வரவே இல்லை. வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கும் ஆயா, “எனக்கு ஒருசந்தி” என்றாள்.

பாடம் படித்த திமிர். “இன்னிக்கி ஒருசந்தி நாளே இல்ல ஆயா. உபதேசியார் சொன்னாரு. நீ பொய் சொல்ற” என்றேன்.

அம்மா என்னை அடித்தது ஜென்மத்தில் அந்த ஒரு தடவைதான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன. ஆயா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “படிக்கிற புள்ள. சரியாத்தான சொல்லுது” என்றாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். எனக்கு ஏன் அடி விழுந்தது என்றே அன்று விளங்கவில்லை. சரியாகச் சொன்னதற்கு யாராவது அடிப்பார்களா?

வேலைக்குப் போய், புத்தகங்கள் வாங்கிப் படிக்க ஆரம்பித்த பிறகு, பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரரான புனித தாமஸ் அக்வினாஸ் எழுதியதை ஓரிடத்தில் படித்தேன். ஏழைகளும் உபவாசம் இருக்க வேண்டுமா என்று அவர் கேள்வி எழுப்பிக்கொள்கிறார். ஒருவேளைக்குப் போதுமானது கையில் இருக்கிற ஏழைக்கு விலக்கு இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிச்சை வாங்கி, ஒருவேளைக்குப் போதுமானதைக்கூட ஒன்றாகச் சேர்க்க முடியாதவனுக்கு உபவாசம் கடமை இல்லை என்கிறார். கடும் உடலுழைப்புக்காரருக்கும் விலக்கு உண்டு என்று பின்னால் வந்த சாஸ்திரிகள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ ஒருவர், கண் காணாத தேசத்தில், எங்கள் ஆயாவுக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார். அது அவள் கைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் வாங்கியிருப்பாளா? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எனக்குப் படுகிறது. பட்டினி யாரோ போடுவது. ஒருசந்தி தானாக இருப்பது. வருஷம் பூராவும் அடுத்தவன் கொடுத்த பசியோடு கிடந்தவளுக்கு, நாற்பது நாள் மட்டும் பசி சொந்தமாக இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி? அந்த வார்த்தையைத்தான் அவள் ஐப்பசிக்கும் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டாள். நான் அதை உபதேசியார் பாடத்தை வைத்துக்கொண்டு தட்டிப் பறித்தேன்.

ஆயா 1989-இல் போய்ச் சேர்ந்தாள். அந்த முந்திரிக்காட்டில் பாதி மரங்கள் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்துவிட்டன. நான் ஒளிந்து தின்ற மரம் எதுவென்று இப்போது போய் அடையாளம் காட்ட முடியாது.

கிளினிக்குக்குத் திரும்புவோம்.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். மூன்றுவேளை வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. மத்தியானம் ஓரளவு நல்ல சாப்பாடு. காலையிலும் ராத்திரியிலும் கொஞ்சமாக. வெறும் வயிற்றில் இருக்கவே கூடாது.

அதைப் படித்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்றது. ஒருசந்தி என்றால் ஒருவேளை முழுச் சாப்பாடு. அது போக, இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மிஞ்சாத மாதிரி இரண்டு தடவை கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதுதான் சட்டமாக வழக்கத்தில் இருக்கிறது. ஆயா அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளவே இல்லை. மாமியாரைப் பார்த்து அம்மாவும் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அம்மா சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பங்குச் சாமியாருக்கே போன் போட்டுக் கொடுத்தேன். அவர், “ஆமாம்மா, அது சரிதான். ஆனா ஒங்களுக்கு அதுவுமே வேண்டாம்மா” என்றார். பின்பாதியை அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் கேட்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

“அப்போ இந்த டாக்டரம்மாவும் ஒருசந்திதான் எழுதிக் குடுத்திருக்குது” என்றாள்.

“ஆமா.”

“கிறிஸ்தவப் பொண்ணா?”

“தெரியாதும்மா.”

அப்படியாக ஒரு சமாதானம் ஆயிற்று. காலையில் ஒரு இட்லி, மத்தியானம் சாப்பாடு, ராத்திரி ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. அன்றிலிருந்து சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. குக்கரில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி. அது ரமலான் மாதமும்கூட. கீழ்வீட்டு பாய் சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். அம்மா அதில் கறி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, இருந்தால் எனக்கும், இல்லாவிட்டால் தன் ராத்திரிக் கணக்கிலும் வைத்துக்கொள்வாள்.

ஏப்ரல் 12, குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. “வடலூருக்குப் போயிட்டு வரலாம்” என்றாள். காரில் கிளம்பினோம். டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் வை என்றால் கேட்கவில்லை.

தருமச்சாலையில் அரிசியைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் நோட்டை எடுத்துப் பெயர் கேட்டார். அம்மா தன் பெயரைச் சொல்லாமல் ஆயாவின் பெயரைச் சொன்னாள். அவர் தலைநிமிர்ந்து அம்மாவின் கழுத்தில் கிடந்த ஜெபமாலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். “சாப்பிட்டுப் போங்கம்மா. பந்தி நடக்குது” என்றார்.

“எனக்கு...” என்று ஆரம்பித்த அம்மா நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், தோளில் பை. அதற்கும் அப்பால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அம்மா சுற்றிலும் பார்த்தாள். பிறகு, சாதாரணமாக, வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது பேசுவதைப் போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

“நீ வயித்துல இருந்த. ஏழு மாசம். ஐப்பசி அடமழ. ஒங்கப்பா நெய்வேலிக்கு வேல தேடிப் போனவரு, ஒரு சேதியும் இல்ல. வூட்ல ஒரு குருண இல்ல. ஒங்க ஆயா என்னயக் கையப் புடிச்சிக் கூட்டியாந்தாங்க. நடந்தேதான். தெனமும். இருவது நாளு இருக்கும்.”

நான் பேசவில்லை. இது எனக்குத் தெரியாத கதை.

“என்னய ஒக்கார வச்சிட்டு அவுங்க வெளிய நின்னுக்குவாங்க. மொத நாளு, சோறு போடுறவரு ஒரு வயசானவரு, நீயும் வந்து ஒக்காரும்மான்னாரு. இவுங்க, எனக்கு ஒருசந்தின்னாங்க.”

“அப்புறம்?”

“அவுரு சிரிச்சாரு. ஒருசந்தின்னா ஒருவேள உண்டுல்ல, அது இதுவா இருக்கட்டும்னாரு. எலயப் போட்டுட்டாரு.”

“ஆயா சாப்பிட்டாங்களா?”

“சாப்ட்டாங்க.” அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அழுதுகிட்டே சாப்ட்டாங்க.”

வாளியோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். பெரியவருக்குப் போட்டார். எனக்குப் போட்டார். அம்மாவுக்கு ஒரு கரண்டி போட்டு, இரண்டாவது எடுத்தபோது அம்மா கையைக் குறுக்கே நீட்டி, போதும் என்றாள்.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முதல் கவளத்தைப் பிசைந்து வாய்க்கருகே கொண்டுபோனவள் சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

“மாத்திரைய எடுத்தாந்தியா? அது சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”